பீட்சா ஆறும்வரை

புயலுக்கு குளோரியா என்று பெயர் வைத்திருந்தார்கள். வந்தாள், மரங்களைச் சாய்த்தாள், மின்கம்பிகளை அறுத்தாள், பிற்பகலுக்குள் ஒன்றுமே நடக்காததுபோல வடக்கே போய்விட்டாள். அவள் போன பிறகு அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரம் தூக்கத்தில் நடப்பவள்போல ஆகிவிட்டது. சிக்னல்களில் விளக்கு இல்லை, தெருவில் கார் இல்லை. கடலின் உப்பு ஊருக்குள்ளே வந்து சன்னல் கண்ணாடிகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆற்றோரம் இருந்த ‘லா ப்ராச்சே’ உணவகத்தின் கார் நிறுத்துமிடத்தில் கடற்காக்கைகள் முதலாளிகள்போல உலாவிக்கொண்டிருந்தன.

மற்ற நாட்களில் அந்த இடத்தில் நிற்க இடம் கிடைக்காது. லா ப்ராச்சேயில் முன்பதிவு கிடையாது. மேயரே வந்தாலும் ஒயின் கோப்பையோடு வெளியே காத்திருக்க வேண்டியதுதான். எல்லாம் அந்தக் கரியடுப்பு பீட்சாவுக்காக. மாவை எண்ணெய்க் கையால் மெல்லிசாக இழுத்து, நேரே கம்பியின்மேல் போட்டு, கோடு விழுந்ததும் புரட்டி, முதலில் சீஸ், அதன்மேல் அங்கங்கே தக்காளிக் குழம்பு. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. அதைச் சுடுகிறவள் நொரீனா. ஐம்பதை நெருங்கிய பெண், அடுப்பைவிட மனசு சூடு. தட்டு மேசைக்குப் போன பிறகு யாராவது பேசிக்கொண்டிருந்தால் அடுக்களையிலிருந்தே கத்துவாள்: “பேச்ச அப்புறம் வச்சுக்கங்க! ஆறிட்டா செத்துப்போயிரும்!” ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதுதான் அவளுடைய ஒரே வேதம்.

வேதத்துக்கு வீட்டிலேயே எதிரி உண்டு. இத்தாலியர்கள் வாழும் ஃபெடரல் ஹில் மேட்டில் ரொட்டிக்கடை நடத்தும் அக்காள் எர்சீலியா. அந்தக் கடை பீட்சாவில் சீஸ் கிடையாது, தக்காளி மட்டும். பெரிய தட்டில் விடியற்காலையில் வெந்து, நீள நீளமாக வெட்டப்பட்டு, ஞானஸ்நானம், சாவு என்று எல்லா வீட்டுக்கும் போகும். ஆறிய பிறகுதான் தின்பார்கள்.

மூன்று வருடமாக அக்காள் நொரீனாவோடு பேசுவதில்லை. தொடங்கியது அக்காள்தான். மாதா திருநாள் கூட்டத்தில் ஊரறிய, “என் தங்கச்சி பணக்காரங்களுக்கு ரொட்டியக் கருக்கிக் குடுக்குறா” என்றாள். நொரீனா கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவள் வாய் அப்படிப்பட்ட வாயா? நியூயார்க்கிலிருந்து வந்த பத்திரிகைக்காரரிடம், “எங்க வீட்ல பீட்சான்னா ஆறிப்போன சிவப்பு அட்டை” என்று சொல்லிவைத்தாள். மனுஷன் அதையே தலைப்பாகப் போட்டுவிட்டார். லா ப்ராச்சேக்கு முன்னால் கூட்டம் இரண்டு மடங்கானது. நொரீனாவுக்கு அக்காள் இல்லாமல் போனாள். கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் ஒரு முகத்தைத் தேடும், அது இருக்காது.

மின்சாரம் இல்லாததால் புகைபோக்கி விசிறி ஓடவில்லை. எனவே நொரீனாவும் பரிமாறுகிற அமாரோவும் அடுப்பை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்கள். குளிர் அறையில் இருப்பது கெடுவதற்குள் யார் வந்தாலும் போடச் சொல்லிவிட்டாள் உணவகத்தின் முதலாளியம்மா. கரி பிடித்தது. காற்றே இல்லாத ஆகாயத்தில் புகை நேராக எழுந்தது. அதைப் பார்த்து ஜனங்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. மாலையின் தேன் நிற வெளிச்சத்தில், எல்லோரும் ஒரே கனவுக்குள் வந்துவிட்டவர்கள்போல நின்றார்கள்.

அந்த வெளிச்சத்தில்தான் பாலத்துப் பக்கமிருந்து ஒரு கடைத்தள்ளுவண்டி வந்தது. அதில் மாவுத் தொட்டிகள், ஓரத்தில் ஒரு தக்காளிக் குழம்புப் பாத்திரம். மாவு பொங்கி, மூடியிருந்த துணியைத் தூக்கிக்கொண்டு, விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. வண்டியைத் தள்ளியவள் எர்சீலியா. மேட்டிலிருந்து, விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி, நடந்தே வந்திருக்கிறாள்.

நொரீனாவின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது.

எர்சீலியா அமாரோவைப் பார்த்துச் சொன்னாள்: “அவகிட்ட சொல்லு. கரண்ட் இல்ல, என் அடுப்பு பத்தல. மாவு புயலுக்காகக் காத்திருக்குமா? தூரப் போட மனசு வரல.”

“அம்மா, அவங்க உங்க எதுக்கதான நிக்கிறாங்க?”

“உன்னச் சொல்லச் சொன்னேன்.”

அமாரோ திரும்பினான். “அக்காவுக்கு உங்க கரி வேணுமாம்.”

“கருக்கித் தந்தா பரவாயில்லையான்னு கேளு,” என்றாள் நொரீனா. சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, அக்காள் வண்டியைத் திருப்பவில்லை.

ரொட்டிக்கடை மாவு குழைவானது. நொரீனா வழக்கம்போல இழுத்துக் கம்பியில் போட்டாள். அது கம்பிகளுக்கிடையே தொங்கி, மெல்ல மெல்ல இறங்கி, கரியில் விழுந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“ஊரே வரிசையில நிக்குற கையாமே இது?” என்றாள் எர்சீலியா அமாரோவிடம். “இழுக்க வேணாம்னு சொல்லு. அது என் மாவு. தட்டுனாத்தான் கேக்கும்.”

நொரீனா தட்டினாள். சின்ன வயதில் மேசையின் ஒரு பக்கம் அக்காளும் மறுபக்கம் அவளும் தட்டிய அதே தட்டு, கை மறக்கவில்லை. இந்த முறை மாவு கம்பியில் நின்றது. உப்பியது. பிறகு இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். ஒருத்தி தட்ட, ஒருத்தி சுட, தொட்டிகள் காலியாகின. கடற்காக்கைகளுக்குக்கூட விளிம்புத் துண்டு கிடைத்தது.

கடைசி மாவில் நொரீனா சீஸைத் தொடவில்லை. அக்காள் கொண்டுவந்திருந்த தக்காளிக் குழம்பை மட்டும் விளிம்புவரை தடவினாள். நீளத் துண்டுகளாக வெட்டி, கவிழ்த்துப் போட்ட பால்பெட்டியில் உட்கார்ந்திருந்த எர்சீலியாவின் முன்னால், இன்னொரு பெட்டியின்மேல் தட்டை வைத்தாள். மன்னிப்பு கேட்க அவளுக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

எர்சீலியா தட்டைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்க்கத் தொடங்கினாள்.

நொரீனா இடுக்கியைக் கீழே வைத்தாள். ஆவி எழுந்தது, மெலிந்தது. அக்காள் தொடவில்லை. இவ்வளவு தூரம் நடந்து வந்தது மாவுக்காக மட்டும்தானா?

“தின்னச் சொல்லு அமாரோ,” என்றாள். “ஆறிப்போகுது.”

அமாரோ வாயைத் திறப்பதற்குள் எர்சீலியா சொன்னாள்: “ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாமா?”

நொரீனா தட்டைப் பார்த்தாள். சிவப்புத் துண்டுகளைப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் யார் எப்போது சூடாகத் தின்றார்கள்? அக்காள் ஒதுக்கவில்லை. காத்திருக்கிறாள்.

வாழ்நாளெல்லாம் சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தியவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எங்கே நிற்பது, என்ன செய்வது என்று தெரியவில்லை. ஊரில் ஒரு விளக்கும் இல்லை. ஆறு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வைத்திருந்தது.

எர்சீலியா புறங்கையால் ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பால்பெட்டியில் சற்று நகர்ந்து இடம் விட்டாள். அமாரோவைப் பார்க்கவில்லை.

“உக்காரு நொரீனா,” என்றாள். “இன்னும் சுடுது.”