வாசலுக்கு வந்த மதகு

தோஹாவில் மதியச் சாப்பாட்டு நேரம். தங்கை சுதர்ஷிகாவின் வீடியோ அழைப்பை எடுத்ததும் அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. கிளிவெட்டியில், எங்கள் வாசலுக்கு முன்னால், ரோட்டை மறித்துக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மண் தோண்டும் பெக்கோ ஒன்று வாளியைத் தூக்கியபடி உறுமிக்கொண்டு நின்றது.

"அண்ணா, மதகை எங்கட வாசலுக்கு நேர வைக்கப் போறாங்கள். ரோட்டை உயர்த்தினா மேற்கு வயல் தண்ணி முழுக்க இதுக்குள்ளால வீட்டுக்குத்தான் வரும்."

சோற்றைத் தள்ளி வைத்தேன். நான் இங்கே வெயிலில் நின்று உழைத்த காசில் கட்டிய வீடு. பூச்சுக்கூட முடியவில்லை. மாரி நெருங்கிவிட்டது.

"போனை இஞ்சினியரிட்டக் குடு."

"அவர் போயிட்டார். தண்ணி எங்க நிக்கிறதெண்டு சனத்திட்டக் கேட்டவர். எல்லாரும் எங்கட வாசலைக் காட்டினவை."

"ஆர் காட்டினது?"

"நான்தான் காட்டினனான்!" பக்கத்து வளவுக் குணேஸ்வரியக்காவின் குரல் பாய்ந்தது. "உம்மட கொப்பர் வருசா வருசம் ரோட்டுக் கிரவல் மண்ணை வெட்டித்தானே வளவை நிரப்பினவர்? பள்ளம் வேற எங்க விழும், என்ர வாசல்லயோ?"

அப்பா திரும்பாமலே கத்தினார். "உன்ர மனிசன் அள்ளேல்லையோ?"

"அவர் கடகத்தில அள்ளினவர். நீங்கள் லேண்ட்மாஸ்டர் மெசின்ல பெட்டி பெட்டியா ஏத்தினனீங்கள்!"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா," என்றேன், "உங்கட பக்கமும் தண்ணி நிக்கிறதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

"ஏன், உம்மட வீடு தப்ப என்ர வீடு மிதக்கோணுமோ?"

அப்பா விருட்டென்று எழுந்தார். மண்வெட்டியை எடுத்து முற்றத்தைக் கொத்தினார். கிரவலைக் கடகத்தில் அள்ளிவந்து ரோட்டுப் பள்ளத்தில் கொட்டினார்.

"இந்தா, உங்கட கிரவல்!"

பெக்கோக்காரன் தலையை வெளியே நீட்டினான். "ஐயா, இது தார் போடுற காபெட் ரோட். கிரவல் வேணாம்."

அப்பா கேட்காமல் மறுபடி முற்றத்துக்கு ஓடினார்.

"முற்றத்தில கிடக்கிறது மட்டும் காணாதண்ணை," என்றாள் குணேஸ்வரியக்கா அப்பாவிடம். "குசினிக்குக் கீழயும் கிடக்கு. அதையும் தோண்டுங்கோ."

"சுதா, அப்பாவைக் கதிரையில இருக்கச் சொல்லு!" என்று கத்தினேன்.

அவர் அடுத்த கடகத்தோடு வந்தபோது, பெக்கோ வெறுங்கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர் கொட்டிய கிரவலையும் சேர்த்தே தோண்டத் தொடங்கியிருந்தது.