நாற்பத்தேழாம் எண் சீமாட்டி

வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது என் சட்டம். இருபது வருடமாக அமெரிக்காவில், வடக்கு மின்னசோட்டாவின் ஏரிக்கரைகளில் பைன் மரமேறி, குஞ்சைப் பையில் போட்டு இறக்கி, காலில் வளையமும் முதுகில் தீப்பெட்டி அளவுக் கருவியும் மாட்டி அனுப்புகிறவள் நான். ஐந்து வயதாகித் தலை வெளுக்கும் முன்பே பல செத்துப்போகும். பெயர் வைத்தால் உட்கார்ந்து அழ வேண்டும். எண் என்றால் நோட்டில் ஒரு கோடு அடித்துவிட்டுப் போய்விடலாம்.

என் கணவன் வைனோவுக்கு இதெல்லாம் ஏறாது. ஜூன் மாதம் ஆள் குறைந்ததால் அவனைக் கூட்டிப் போனேன். குஞ்சை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வதுதான் வேலை. கையுறை போடச் சொன்னேன்.

"கோழிக்குஞ்சைப் பிடிக்க கையுறையா?" என்றான். சொல்லி முடிக்கும் முன்பே கட்டைவிரல் கிழிந்து ரத்தம் கொட்டியது.

"அம்மாடி! என்னா நகம்! முறைக்கிறதப் பாரு, பெரிய சீமாட்டி மாதிரி!"

"அவ பேரு நாப்பத்தேழு."

"உனக்கு நாப்பத்தேழு. எனக்கு சீமாட்டி."

நான்கு தையல். அந்தத் தழும்பைத் தேவாலயத்தில் காட்டினான், மளிகைக் கடையில் காட்டினான், நீராவிக் குளியலில் உட்கார்ந்து எல்லோருக்கும் காட்டினான்.

கூட்டை விட்டுக் கிளம்பும் கழுகுக்கு வழிகாட்ட யாரும் கிடையாது. வயிறு இழுக்கும் பக்கம் போகும். முதுகிலுள்ள கருவி, செல்போன் டவர் வழியாகத் தினம் ஒருமுறை அது இருக்கும் இடத்தைச் சொல்லும்; என் கணினியில் புள்ளி விழும். செப்டம்பரில் நாற்பத்தேழு எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போய்ப் பதினோரு நாள் பேச்சுமூச்சில்லை. வைனோ காப்பியை ஆறவிட்டு என் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்கும் ஒண்ணும் சொல்லலையா உன் பொண்ணு?"

"காட்டுக்குள்ள டவர் இல்ல. கிடைச்சதும் மொத்தமா அனுப்புவா."

"சிகாகோல இருக்கிற நம்ம பையனும் இதையேதான் சொல்றான்."

நவம்பரில், மான் வேட்டை தொடங்கிய நான்காம் நாள் காலை, புள்ளி எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டிலேயே விழுந்தது. வைனோ சனிக்கிழமை கலைமான் சுட்ட அதே இடம். மானைக் கிழித்துக் குடலை அங்கேயே பறவைகளுக்கு விட்டுவருவது இங்கே எல்லா வேட்டைக்காரர்களும் செய்வதுதான். காட்டுக்கு அதன் பங்கு என்பார்கள்.

"நான் வெச்ச விருந்துக்கு வந்துட்டா!" என்று துள்ளினான். நானும் சிரித்தேன். 'நன்றாகத் தின்கிறது' என்று நோட்டில் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன்.

அதற்குப் பின் மூன்றாம் நாளும் புள்ளி நகரவில்லை. பனி தள்ளும் மண்வெட்டியை எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். அலமாரியில், அவன் பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்த செம்புத் தோட்டாப் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது. அப்படியென்றால் அவன் சுட்டது பழைய ஈயத் தோட்டாவிலா? ஈயத் தோட்டா மானுக்குள் நொறுங்கிக் கடுகு கடுகாகச் சிதறும். அதில் ஒரு கடுகு வயிற்றுக்குள் போனால் போதும், ஈய நஞ்சில் கழுகு காலி. இதை ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவளே நான்தான். வீட்டில் மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

"வைனோ, எதுல சுட்ட?"

"அப்பா துப்பாக்கில. அதுக்குப் பழைய தோட்டாதான் குறி தப்பாம..." பாதியில் நிறுத்தினான். முகம் வெளிறியது. "நான் அவளுக்கு விருந்துதான் வெச்சேன், மார்லிஸ்."

எனக்கு வாய் அதிகம். ஊரே சொல்லும். அன்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் காட்டைப் பார்த்துக் கிளம்பினேன்.

ஓடினோம். தேவதாரு மரத்தடியில், பனியில் சிறகுகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. பறக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைனோ தன் ஆரஞ்சு வேட்டைச் சட்டையைக் கழற்றிப் போர்த்தி அள்ளினான். பறவை மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம். நான் ஓட்டினேன், அவன் மடியில் வைத்திருந்தான்.

"வேகமாப் போ."

"பனில இதுக்கு மேல முடியாது."

பாதி வழியில் மெதுவாகச் சொன்னான்: "கிழிக்கவே மாட்டேங்குறா. விரலைக் கால்கிட்டயே வெச்சுப் பாத்துட்டேன். கிழிக்கவே மாட்டேங்குறா." அழுதான். அவன் அப்பா செத்தபோது அழுததற்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

ரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்க ஊசி போடுவோம், உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வீடு திரும்பியதும் வைனோ மிச்சக் குடலைக் கடைசித் துணுக்கு வரை சுரண்டி எடுத்து வந்தான். மறுநாள் ஒவ்வொரு வேட்டைக்காரன் வீடாக ஏறி இறங்கினான். தழும்பைக் காட்டினான், தன் தப்பைச் சொன்னான். ஒன்பது பேர் செம்புக்கு மாறினார்கள். இருபது வருடமாகத் தொண்டை கிழியப் பேசியதற்கு எனக்குக் கிடைத்தவர்கள் இரண்டு பேர். பரவாயில்லை, இருக்கட்டும்.

ஆறு வாரம் கழித்து வரச்சொன்னார்கள். தடித்த கையுறை போட்ட மருத்துவர் பறவையை அணைத்துக்கொண்டு வந்தார். யாரும் தடுக்கும் முன் வைனோ, "என்ன சீமாட்டி, சௌக்கியமா?" என்று வெறும் கையை நீட்டிவிட்டான்.

தரையெல்லாம் ரத்தம். மருத்துவர் கத்தினார். வைனோ விரலைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் ஓடிவந்தான். கண்ணில் நீர் வழிந்தது.

"கிழிச்சுட்டா மார்லிஸ்! எப்படிக் கிழிச்சிருக்கா பாரு!"

பறவையை விடுவிக்கும் படிவத்தில் எண்ணுக்கு ஓர் இடம் இருந்தது, பெயருக்கு ஓர் இடம் இருந்தது. எண்ணை நிரப்பினேன். பெயரிடத்தில் எப்போதும் கோடுதான் போடுவேன். அன்று சீமாட்டி என்று எழுதினேன்.