முன்சக்கரத்து ஆறு குண்டுகள்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, லூர்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். ராயபுரம் கடலோரத்தில் நின்ற அந்த வண்டி, சண்டைக் காலத்தில் காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்தது. சண்டை முடிந்து ஏலத்துக்கு வந்தபோது அவன் தங்கை ஃப்ளோராவும் அவள் புருஷன் பாஸ்கலும் அதை எடுத்து, உள்ளே கட்டிலும் ஸ்டவ்வும் வைத்து வீடாக்கிக்கொண்டார்கள். திருவிழா நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போய் போட்டோ பிடித்துக் கொடுப்பது பிழைப்பு. நாலு வருஷமாக அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

அந்தக் கூரைக்குத்தான் இப்போது ஆபத்து. முன் அச்சு சக்கரத்தோடு சேரும் மூட்டிலிருந்து கிரீஸ் ஒழுகிப் பிரேக்கில் இறங்கிக்கொண்டே இருந்தது. போன வாரம் திருவொற்றியூர் தேரடியில் பிரேக் பிடிக்காமல், வண்டி ஓர் எருமையின் வாலை உரசிக்கொண்டு போய் நின்றது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாஸ்கல்தான் பயந்துபோனான். வண்டியை உடைத்துப் போட்டுவிடுவது என்று முடிவு கட்டி, பழைய இரும்பு வாங்கும் லோகநாதனை அழைத்துவரப் புளியந்தோப்புக்குப் போயிருந்தான்.

"அவரு வர்றதுக்குள்ள எதுனா பண்ணு அண்ணாத்தே. இது என் வூடு," என்றாள் ஃப்ளோரா.

லூர்து துறைமுகத்துக் கிரேன்களுக்குப் பதினெட்டு வருஷமாகக் கிரீஸ் வைப்பவன். அங்கே மேஸ்திரி வந்து மூட்டின் விளிம்பில் விரலை ஓட்டுவார். கிரீஸ் பிதுங்கி விரலில் ஒட்டினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இந்த வண்டி ராயபுரம் வரும்போதெல்லாம் லூர்து அதே முறையில் மூட்டில் கிரீஸை அடைப்பான். ஒழுகினால் இன்னும் அடைப்பான். கழற்றிப் பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை. கைவந்த வேலையில் என்ன சந்தேகம் என்கிற மிதப்புதான்.

இன்று கழற்றினான். ஜாக்கி வைத்து, சக்கரத்தை எடுத்து, மூட்டோடு சேர்த்து அச்சுத்தண்டை உருவினான். கிரீஸ் கட்டி கட்டியாக வந்து விழுந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே நெல்லிக்காய்ப் பருமனில் ஆறு எஃகு குண்டுகள். ஒவ்வொன்றும் தனக்கென்று வெட்டிய வளைந்த பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

"ஃப்ளோரா, அந்த முனையப் புடி. மெதுவா சுத்து."

மடக்கிய முழங்கை மாதிரித் தண்டு மூட்டில் வளைந்திருந்தது. ஆனாலும் அவள் அங்கே திருகிய அதே கணத்தில் இவன் உள்ளங்கையில் இருந்த முனை திரும்பியது. அவள் நிறுத்தினால் நின்றது. குண்டுகள் ஆறும் ஒன்றையொன்று தொடாமல் பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் ஓடின. லூர்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரயில் எஞ்சினையே தூக்கும் கிரேனைப் பார்த்தவன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இதை நினைத்துச் செய்தவன் மனிதன்தானா?

"மாதாவே," என்றாள் ஃப்ளோரா.

பிறகுதான் மற்றது கண்ணில் பட்டது. மூட்டின் கூட்டைச் சுற்றி, கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் கெட்டிக் கம்பளி வளையம் உள்ளிருந்து வெளியே பிதுங்கிக் கிழிந்திருந்தது. கூட்டின் பக்கவாட்டில், பாதி உயரத்தில் ஒரு துளை, அதை மூட ஒரு திருகு. கிரீஸ் அந்த மட்டத்தோடு நிற்க வேண்டும், அதற்குத்தான் அது. அந்தத் துளையில்தான் அவன் நாலு வருஷமாகத் திணித்துத் திணித்து வந்திருந்தான். லூர்துக்கு வெட்கத்தில் காது சுட்டது.

கைவண்டி சத்தம் கேட்டது. பாஸ்கல் வந்தான். பின்னால் சம்மட்டியோடு லோகநாதன்.

"மாப்ள, வண்டி மேல தப்பு இல்ல," என்றான் லூர்து. "நான்தான் அளவு தெரியாம அடைச்சி வளையத்தக் கியிச்சிட்டேன். கெட்டிக் கம்பளி கெடச்சா இன்னிக்கே சரி பண்ணிடலாம்."

பாஸ்கல் முகம் சிவந்தது. "இத்தினி நாளா நான் வண்டியத் திட்டிகினு கீறேன் மச்சான்!"

"அண்ணாத்தய அப்பால திட்டுங்க. மொதல்ல இத்தப் புடிங்க," என்று ஃப்ளோரா தண்டின் ஒரு முனையை அவன் கையில் திணித்துவிட்டு, மறுமுனையைத் திருகினாள்.

பாஸ்கல் வாயைத் திறந்தவன் மூடவில்லை. லோகநாதன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான். தண்டை விடாமலே பாஸ்கல் மற்றக் கையால் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி லூர்திடம் நீட்டினான். போட்டோ பிடிக்கப் போகுமிடமெல்லாம் அவனுக்கு அந்தத் தொப்பிதான் கௌரவம்.

"கெட்டிக் கம்பளிதான். தேறுமா பாரு."

லூர்து அதன் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"யம்மா, இன்னொரு தபா சுத்து," என்றான் லோகநாதன், மூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃப்ளோரா சுற்றினாள். வெயில் பட்டு மின்னியபடி ஆறு குண்டுகளும் ஓடின.