ரெண்டு மணிக் கட்டம்

"ஐஸ் பெட்டிய நிறுத்துங்க சித்தப்பா. ஜெனரேட்டர் எனக்கு வேணும்."

உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். இந்தப் பேச்சு வாயிலிருந்தே வரக் கூடாது என்று கொல்லையில் வைத்து அம்மா சொல்லிப் பத்து நிமிஷம் ஆகவில்லை. லிடியா சொல்லிவிட்டாள்.

பெட்டிக்குள் அப்பா சவரிராயன். நேற்று மதியம் வீட்டுக்குப் பின்னால் மீன் குட்டையோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காற்றுமழையில் கம்பம் சாய்ந்து மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. மரக்காணம் முழுக்க அலைந்து கிடைத்தது இந்த ஒரு ஜெனரேட்டர்தான். குவைத்திலிருந்து அண்ணன் பிராங்க்ளின் சாயங்காலம் வந்தபிறகு அடக்கம்.

"அப்பன் நாறணுமாடி?" என்றாள் அத்தை அருள்மேரி. "இதுக்குத்தான் உன்ன டிகிரி படிக்க வெச்சானா?"

"மீன் குஞ்சு சாவுது அத்தை. எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது."

"பசிம்மா அது," என்றார் சாலமன் சித்தப்பா. "நேத்து தீனி போட ஆளில்லையேன்னு சாயங்காலம் நாந்தான் விட்டுப்போன வேளைக்கெல்லாம் சேத்துக் கொட்டுனேன். காலையில பாத்தா வாயத் தொறந்துக்கினு நிக்குதுங்க. பாவம்னு இன்னும் ரெண்டு படி போட்டேன்."

"பசி இல்ல, மூச்சு! நீங்க கொட்டுன தவிடும் புண்ணாக்கும் அடியில அழுகுது. தண்ணியில காத்தே இல்ல. ஒரு நாள் பட்டினி கெடந்தா குஞ்சு சாவாது. இப்ப காத்தடிக்கிற ஏரேட்டர் ஓடலன்னா பத்து மணிக்குள்ள ஒண்ணுகூட மிஞ்சாது."

சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

உப்பளக் கூலியை விட்டுவிட்டு அப்பா வெட்டிய குட்டை. இரண்டு தடவை குஞ்சு விட்டார், இரண்டு தடவையும் செத்து மிதந்தது. ஊரே சிரித்தது. அப்புறம்தான் லிடியா காலண்டர் அட்டையின் பின்பக்கம் தீனி வேளைக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தாள். ஆறு, பத்து, ரெண்டு, ஆறு. மேகம் போட்டால் பாதித் தீனி. கரண்ட் இல்லாத நாட்களில் அதிலும் பாதி. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அப்பா, ஒவ்வொரு வேளை முடிந்ததும் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பார். இந்தத் தடவை பிழைத்தது. நேற்று பத்து மணிக் கட்டத்தில் கோடு இருந்தது. ரெண்டு மணிக் கட்டம் காலி.

"குப்பத்துல ஐஸ் கட்டி கேட்டுப் பாக்கலாம்," என்றாள் லிடியா.

"எங்கண்ணன் என்ன வஞ்சிரமா, ஐஸ் கட்டி போட்டு வெக்க?" என்றாள் அத்தை.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து வந்து லிடியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்கண்ணன் வந்து மூஞ்சியப் பாக்க வேணாமா?"

"பாக்கட்டும்மா. அதுக்குள்ள குட்டையில என்ன இருக்கும், சொல்லு."

அம்மா கையை விடவில்லை. மறு கை முந்தானையால் பெட்டிக் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தது. ஜெபமாலை சுற்றிய அப்பாவின் விரல்கள் தெரிந்தன. ஆள்காட்டி விரல் நகத்தில் கரி. குளிப்பாட்டியும் போகவில்லை.

லிடியா கையை உருவிக்கொண்டு குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் உறுமல் நின்றது. வாசலில் ஜெனரேட்டரை அணைத்து, ஒயரைத் தோளில் சுற்றி, சூட்டோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு குட்டைப் பக்கம் நடந்தாள்.

பின்னால், வீட்டுக்குள், யாரோ விசிறி கேட்டார்கள்.