அமலனின் வேகம்

அமலன் அந்தச் சிவப்புக் காரை வாங்கியதிலிருந்து செம்பட்டி டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு அரை மணி நேரத்தில் போய்விடுவேன் என்பான். கார் உறுமுகிற உறுமலைக் கேட்டவர்கள் நம்பவும் செய்தார்கள்.

அப்பேர்ப்பட்ட கார் ஒருநாள் நடுரோட்டில் இன்ஜின் போய் நின்றது. புது இன்ஜின் போடத் தென்னந்தோப்பைத்தான் விற்க வேண்டும். நல்லவேளையாக, "எதுக்கு இந்த வெட்டிச் செலவு?" என்று மனைவி ரீனா சண்டை போட்டும் கேளாமல், அவன் வாரண்டியை நீட்டிக்கப் பெருந்தொகை கட்டியிருந்தான்.

சர்வீஸ் சென்டருக்கு ரீனாவோடு அவனுடைய டீக்கடைக் கூட்டாளி மணிமாறனும் வந்திருந்தான். வந்தவன் சும்மா இருந்தானா?

"இருநூறுக்குக் கம்மியா இவன் ஓட்டுனதே இல்ல சார்!"

மேனேஜர் முகம் மாறியது. "அப்படி ரேஸ் ஓட்டியிருந்தா வாரண்டி கிடைக்காது. செத்த நேரம் இருங்க, எல்லாம் கார்லயே பதிவாகியிருக்கும்."

அமலனுக்கு வியர்த்துக் கொட்டியது. மேனேஜர் காரில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தார்.

"வாங்குனதுல இருந்து அறுபத்தெட்டைத் தாண்டவே இல்லையே சார்! உங்க மேல தப்பில்ல. ஆயில் பம்ப் கோளாறு. புது இன்ஜின் இலவசம்."

மணிமாறன் வாயைப் பிளந்தான். தோப்பு தப்பித்தது, ஆனால் இனி எந்த முகத்தோடு டீக்கடைக்குப் போவது என்று அமலன் தலையைக் குனிந்துகொண்டான்.

ரீனா மட்டும் அவனை முறைத்தாள்.

"அறுபத்தெட்டா? நான் இல்லாதப்ப அம்புட்டு வேகமா போனீங்களா?"