காரியக்காரன் அறை

தொனாத்தோ சின்னப்பனுக்குத் தரவேண்டிய பாக்கி நூற்று அறுபத்தெட்டு டாலர் நாற்பது சென்ட். கனடாவில் பிக்கரிங் என்கிற ஊரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளில் நாலு வீட்டுப் பேஸ்மென்ட்டுக்குத் தரை போட்ட கூலியில் நின்றுபோன மிச்சம் அது. வீடு கட்டியவன் தொனாத்தோவுக்குக் கொடுக்கவில்லை, தொனாத்தோ சின்னப்பனுக்குக் கொடுக்கவில்லை. எழுபத்தைந்தாம் வருஷம் ஏப்ரல் மாதம், பனி கரைந்து சைட் முழுக்கச் சேறாகக் கிடந்த நேரம்.

தொனாத்தோ கெட்டவன் இல்லை. இத்தாலிக்காரன். ஆறு பேரை வைத்துக்கொண்டு கான்கிரீட் வேலை எடுத்துச் செய்கிறவன். ஆளோடு ஆளாகத் தானும் முழங்காலில் உட்கார்ந்து மட்டப்பலகை இழுப்பான். ஒரு நாள் மத்தியானம் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே பேச்சை எடுத்தான். இரண்டு பேரும் பேசுவது சைட் இங்கிலீஷ். வார்த்தை போதாத இடத்தில் கை பேசும்.

"சின்னா, ஊருக்குப் போறப்ப ரோம்ல இறங்குறேன்னியே. எங்க தங்கப்போற?"

"பொண்டாட்டி பாத்துக்கிட்டிருக்கா."

"என் அண்ணன் நிக்கோலா வீட்ல தங்கு. பண்ணை. வெளியூர்க்காரங்களுக்கு ரூம் விடுறான். ரெண்டு பேருக்கு மூணு வேளைச் சாப்பாட்டோட நாளுக்குப் பதினாறு டாலர். பத்து நாள் இருந்தா நூத்தி அறுபது. மிச்சம் எட்டு டாலர் நாப்பது சென்ட்டக் கையில தந்துர்றேன்."

"எனக்குக் காசு வேணும்."

"காசு இல்ல சின்னா. பண்ணைதான் இருக்கு. கூரைக்கு ஓடு மாத்த நான் அனுப்பின பணம் அவன்கிட்ட நிக்குது. அதுல கழிச்சுக்குவான்."

சின்னப்பன் எழுந்து வேலைக்குப் போனான்.

வீடு செயின்ட் ஜேம்ஸ் டவுனில், பதினாலாவது மாடி. மனைவி பிரகாசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கனடாவுக்கு முதலில் வந்தவள் அவள்தான். அவள் கூப்பிட்டு இவன் வந்தான். ஐந்து வருஷம் கழித்து மே மாதம் ஊருக்குப் போகிறார்கள். டிக்கெட் ரோம் வழி. அங்கே இறங்கிப் பத்து நாள் இருந்துவிட்டுப் போனாலும் விமானத்துக்குக் கூடுதல் காசு கிடையாது. அதைக் கேட்ட நாளிலிருந்து பிரகாசி சாப்பாட்டு மேசையில் இத்தாலி வரைபடத்தை விரித்துவிட்டாள். பத்து நாளாகச் சோறு கட்டிலின்மேல்தான்.

அவளுக்கு ரோமைவிட நாலு கிராமங்கள் முக்கியம். அவள் வார்டில் கிடந்த இத்தாலியக் கிழவிகள் நாலு பேர், எல்லாரும் மார்க்கே என்கிற ஒரே பக்கத்துக்காரிகள், அவளிடம் ஊர்ப்பெயர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருத்திக்குக் கோயில் மணி விரிசல் விட்டபடியே இருக்கிறதா என்று தெரியவேண்டும். எல்விரா என்பவளுக்குக் கிணற்றடி அத்திமரம் நிற்கிறதா, தம்பி வெட்டி விற்றுவிட்டானா என்று தெரிந்தாகவேண்டும். "பாத்துட்டு வந்து சொல்லு, அதுவரைக்கும் சாகமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மகாலிங்கம் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். டிராவல் ஏஜென்ட் கொடுத்த வழவழப்பான புத்தகம் அவர் கையில்.

"பதினொரு நாள், எட்டு நகரம். வாசலிலை ஏத்தி வாசலிலை இறக்குவான். இதை விட்டிட்டு, தங்கச்சி, ஆரோ கிழவியளின்ரை கிணத்தடியைப் பாக்கப் போறீரோ?"

"அண்ணே, அந்த பஸ்ஸு இந்த நாலு ஊர்ல ஒண்ணுலயாச்சும் நிக்குமா?"

"நிக்காது."

"அப்புறம் அதுல ஏறி என்ன செய்ய?"

"இத்தாலியைப் பாக்கலாமே!"

"இத்தாலியத்தான் தினம் பாக்குறேனே. பெட்பேன் வைக்கிறதே நாந்தானே!"

மகாலிங்கம் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. புனித ஆண்டு என்று ரோமில் ஓட்டல்காரர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள், மார்க்கேயில் கடலோரப் பட்டணத்தில் ஓர் ஓட்டல் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் கிடைக்கும் என்றார். பிரகாசி அந்தப் பட்டணத்தைத் தேடி விரலை வைத்தாள். அறுவைக்குத் தையல் போடுகிற கறுப்புப் பட்டுநூல் ஒரு துண்டு வைத்திருந்தாள். ஓட்டலில் ஒரு நுனியை ஊன்றி, நாலு கிராமத்துக்கும் மாற்றி மாற்றி நீட்டினாள். இரண்டுக்கு எட்டியது. மற்ற இரண்டும் மலைக்கு அந்தப் பக்கம். போய்த் திரும்பவே நாள் போய்விடும், பஸ்ஸும் சரியாக வராது.

அப்போதுதான் சின்னப்பன் தொனாத்தோ சொன்னதை ஒரு புகாராகச் சொன்னான்.

"கூலியக் குடுக்க வக்கில்ல, மாட்டுக்கொட்டாயக் காட்டுறான்."

"ஓம், அதிலை ஞாயமிருக்கு" என்றார் மகாலிங்கம். "காசு கேட்டவனுக்கு நெல்லு அளந்த கதையாக் கிடக்கு."

பிரகாசி அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. "அந்தப் பண்ணை எந்த ஊருங்க?" என்றாள். அவன் பெயரைச் சொன்னான். தேடிக் கண்டுபிடித்து நூலை ஊன்றினாள். நாலு கிராமமும் சுற்றி நின்றன. மிகத் தூரத்து ஊருக்கே நூல் முக்கால் சாண்தான் வந்தது.

"நடுவுல இருக்குங்க!" என்றாள். "ரெண்டு நாளைக்கு ஒரு ஊரு. பஸ் இருக்கான்னு கேட்டீங்களா?"

"காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணாம். சனிக்கிழமை அவன் அண்ணன் சந்தைக்கு வண்டி எடுப்பானாம்."

"பின்ன என்ன?"

சின்னப்பன் சரி என்றான். சரி என்று சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பாக்கிக் காசு போகிறதே என்கிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் பெட்டி ஒரு மாதம் திறந்தே கிடக்கும். புதன்கிழமை பிரகாசி டியூட்டி முடிந்து வந்து, அக்கா பிள்ளைகளுக்கு வாங்கிய சட்டைகளை அடுக்கப் போனபோது பெட்டியின் அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. துண்டில் சுற்றி இரண்டு எவர்சில்வர் தட்டு, இரண்டு டம்ளர்.

"இது என்னத்துக்கு?"

சின்னப்பன் பூட்ஸிலிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "பண்ணைக்குத்தானே போறோம்."

"அவங்க வீட்ல தட்டு இல்லாமயா இருக்கும்?"

"இருக்கும். அவங்களுக்கு."

பிரகாசி மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்தவள். அங்கே நூறு தட்டு. எது கைக்கு வந்ததோ அதில் தின்றாள். சின்னப்பன் அப்படி இல்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு மிராசுதார் பண்ணையில் இருபத்திரண்டு வயது வரை வேலை பார்த்தவன். சாப்பாடு கொல்லைப்பக்கம். சொந்தத் தட்டு கொண்டுபோகவேண்டும், மேலேயிருந்து போடுவார்கள். அந்த வீட்டின் முன்வாசலுக்கு உள்ளே எத்தனை தூண் என்று அவனுக்குத் தெரியாது. மிராசுதாருக்காகப் பண்ணைக் கணக்குப் பார்க்கிற காரியக்காரன் கட்டிலில் உட்கார்ந்து கூலி சொல்லுவான். இவன் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பான். பண்ணை என்று சொன்னால் அவனுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"இது வேற நாடுங்க."

"நாடு வேற. பண்ணை பண்ணைதானே. நான் உள்ள போயி உக்காந்து, அந்தாளு எந்திரிடான்னு சொன்னா? உன் முன்னாடி?"

அவள் தட்டுகளைத் துண்டோடு பெட்டியிலேயே வைத்தாள்.

"அப்ப வேணாங்க. நாளான்னிக்கு ஓட்டலுக்குப் பணத்தக் கட்டிடுறேன். நாலு ஊர்ல ரெண்டப் பாத்தாப் போதும்."

"எல்விரா ஊரு?"

"அது மலைக்கு அந்தாண்ட."

சின்னப்பன் பூட்ஸைக் கீழே வைத்தான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு."

வியாழக்கிழமை சைட்டில் கான்கிரீட் லாரி வரத் தாமதமானது. தொனாத்தோ பலகைமேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். சின்னப்பன் எதிரே போய் நின்றான்.

"உங்கண்ணன் வீட்டுக்கு வர்றவங்க எங்க சாப்பிடுவாங்க?"

"எங்கன்னா? அடுப்படிலதான். அங்கதான் மேசை கிடக்கு."

"உங்கண்ணன்?"

"அவனும் அங்கதான். வேற எங்கயாவது போய் உக்காந்தா என் அண்ணி கரண்டியால போடுவா."

"நிலத்துல வேலை செய்ற ஆளுங்க?"

தொனாத்தோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஆளு எவன்? அவனும் அவன் மகனுந்தான் ஆளு. நாங்களே ஆளாத்தானே இருந்தோம், சின்னா."

பிறகு அவன் சொன்னது இது. அந்த நிலம் முன்பு ஒரு பிரபுவுடையது. விளைச்சலில் பாதி அவனுக்கு. முட்டையும் கணக்கு. பண்டிகைக்கு இரண்டு கொழுத்த சேவலைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் கொடுத்துவிட்டு வரவேண்டும். பிரபு பட்டணத்தில் இருப்பான். கணக்கெடுக்கிற ஆள் பண்ணை வீட்டு மாடியில் இருப்பான். போருக்குப் பிறகு நிலத்தைக் கூறுபோட்டு விற்றபோது அண்ணன் தம்பிகள் கடன்பட்டு வீட்டையும் பக்கத்து நிலத்தையும் வாங்கினார்கள்.

"அந்த மாடி ரூமத்தான் நிக்கோலா வாடகைக்கு விடுறான். வீட்லயே நல்ல ரூம் அது. சன்னலத் திறந்தா எல்லா வயலும் தெரியும். வர்றவங்க போட்டோ புடிச்சுத் தள்ளுறாங்க. எவன் குனிஞ்சு நிக்கிறான், எவன் நிமிந்து நிக்கிறான்னு பாக்கத்தான் அந்தப் பிரபு அப்படி ஒரு சன்னல வச்சான், அது அவங்களுக்குத் தெரியாது."

"உங்கப்பா அதுல படுத்தாரா?"

"எங்கப்பாவா? வீடு எங்க பேருக்கு வந்து பதினோரு வருஷம் இருந்தாரு. ஒரு ராத்திரி படுக்கல. ஒழுகுதான்னு பாக்கப் போனாலும் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுத்தான் போவாரு. நாங்க சிரிப்போம்."

சின்னப்பன் சிரிக்கவில்லை.

"நான் படுக்கலாமா?"

"பதினாறு டாலர் குடுக்குற எவனும் படுக்கலாம்."

லாரி வந்துவிட்டது. இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து குளித்ததும் சின்னப்பன் பெட்டியிலிருந்து தட்டையும் டம்ளரையும் எடுத்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்தான். பிரகாசி அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"ஓட்டல் வேணாம்னு மகாலிங்கத்துக்கிட்ட சொல்லிடு" என்றான். "அங்க நமக்குக் காரியக்காரன் ரூமு."

"யாரு சொன்னா?"

"தொனாத்தோ சொன்னான். சன்னல் பெருசாம்."

இரண்டு தட்டிலும் சோறு போட்டாள். மேசையில் வரைபடம் விரித்தபடி கிடந்ததால் கட்டிலில் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் தொனாத்தோ தன் வண்டியின் என்ஜின் மூடியின்மேல் ஒரு காகிதத்தை வைத்தான். சின்னப்பன், "நான் எழுதுறேன்" என்றான். முப்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன். தமிழைப் பிரகாசியிடமும் இங்கிலீஷை மாதாகோயில் கீழ்த்தளத்தில் நடந்த ராத்திரி வகுப்பிலும். தச்சன் பென்சிலை நக்கி நக்கி இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் எழுதினான். பத்து நாள். இரண்டு பேர். மாடி அறை. சாப்பாடு மேசையில்.

"கடைசியா எழுதினது எதுக்கு?" என்றான் தொனாத்தோ. "மேசையில இல்லாம மரத்துலயா போடுவாங்க?"

"இருக்கட்டும்."

தொனாத்தோ தோளைக் குலுக்கிவிட்டு, அண்ணனுக்குப் புரிவதற்காக அதையே இத்தாலிய மொழியில் கீழே எழுதினான். அவன் எழுத்தும் சின்னப்பன் எழுத்தைவிட ஒன்றும் அழகில்லை. பிறகு பர்ஸைத் திறந்து ஐந்து டாலர் தாள் ஒன்று, ஒரு டாலர் தாள் மூன்று, நாலு பத்து சென்ட் காசு எடுத்து வண்டி மூடியில் வைத்தான். சின்னப்பன் எண்ணிப் பார்த்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். காகிதத்தின் அடியில் 'பாக்கி இல்லை' என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.