சட்டையோடு குளிப்பவர்

ஆறேகால் மணி நேரமாக ஆண்டியப்பன் நனைந்த கோட்டைக் கழற்றவில்லை. வட்டகொடையில் ரயிலேறும்போதே மழை. ஹட்டனில் இறங்கி, ஸ்டேஷனுக்கு மேலே இருந்த அந்தத் தகரக் கூரைக் கட்டடத்துக்கு ஏறி வருவதற்குள் கோட்டு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது. மற்றவர்கள் உள்ளே வந்ததும் கோட்டையும் கம்பளியையும் கணப்புக்கு மேலே கட்டியிருந்த கம்பியில் தொங்கவிட்டார்கள். அறை முழுக்க ஆவியும் ஈரக் கம்பளி நாற்றமும். ஆண்டியப்பன் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, பெஞ்சியின் கோடியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கோட்டின் ஓரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் காலடியில் ஒரு சிறிய குட்டையாகத் தேங்கியிருந்தது.

அவர் மனைவி அழகம்மா அந்தக் குட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கழட்டித்தான் போடுங்களேன்."

"குளுருது."

"ஈரக் கோட்டுக்குள்ள இருந்தா குளுராம என்ன செய்யும்?"

அவர் உள்ளறையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவுக்குப் பின்னால் ராணுவ டாக்டர் இருந்தார். முதல் மகாயுத்தத்தில் பட்டாளத்தில் இருந்துவிட்டு இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்களின் காயங்களைப் பார்த்துப் பதிவைத் திருத்த, வருஷத்துக்கு ஒரு முறை வருவார். ஒரு நாள்தான் இருப்பார். மாலை ரயிலில் போய்விடுவார்.

ஆண்டியப்பனுடைய பதிவில் அவர் உடம்பில் பட்ட குண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காய்ச்சலால் உடல் தளர்ந்து விடுவிக்கப்பட்டவர் என்று இருந்தது. பஸ்ராவுக்கு மேலே ஆற்றங்கரைக் கூடாரத்தில், குண்டை எடுத்த அன்று எழுதிய தாள் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. கப்பலில் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சல் மட்டும் தாளில் ஏறிவிட்டது. ஊருக்குத் திரும்பி, கங்காணியோடு கடல் தாண்டி வந்து, தோட்டத்தில் பேர் பதிந்து, கல்யாணமும் ஆன பிறகு அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? ஒருவரும் கேட்கவில்லை, தேயிலை விலை விழும்வரைக்கும்.

விலை விழுந்ததும் துரை ஆட்களைக் குறைக்கத் தொடங்கினார். ஆண்டியப்பனால் முன்போலத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட முடியவில்லை. மதியத்துக்குள் இடுப்புக்கு மேலே ஏதோ பிடித்துக்கொள்ளும். கத்தியை ஊன்றி நின்றுவிடுவார். கணக்கப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் அவருக்கு அரைப் பேர்தான் போட்டார். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். ஒருநாள் துரை கூப்பிட்டு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மூலமாகச் சொன்னார். சண்டையில் காயம் பட்டவன் என்று சர்க்கார் தாள் இருந்தால் பேக்டரி கேட்டில் காவல் வேலை. இல்லாவிட்டால் மாசக் கடைசியில் பத்துச்சீட்டு. அதை வாங்கினவன் தோட்டம் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்துகொண்டு மண்டபம் முகாம் வழியாக இந்தியாவுக்குப் போய்விட வேண்டியதுதான்.

காயத்தைப் பதிவில் ஏற்றச் சொல்லி மனு போட்டுப் பார்ப்பது அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. அழகம்மாவின் வற்புறுத்தல். முதல் முறை டாக்டர் நுவரெலியாவுக்கு வந்திருந்தார். நானுஓயாவில் இறங்கியதும் ஆண்டியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த ரயிலில் திரும்பியாயிற்று. வட்டகொடையில் இறங்கியதும் வயிறு சரியாகி, ஒரு தேத்தண்ணியும் இரண்டு வடையும் உள்ளே போயின. போன வருஷம் இதே கட்டடத்தில், பேர் கூப்பிடுகிற நேரத்துக்குச் சரியாகக் கொல்லைப் பக்கம் போனவர், டாக்டர் ரயிலேறிய பிறகுதான் வந்தார். இந்த முறை அழகம்மா கொல்லைப் பக்கம் போகும் வழியை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஏன் நழுவுகிறார் என்பது அவளுக்குப் புரியாததல்ல. அதுதான் எரிச்சலாக இருந்தது.

தோட்டத்தில் எல்லோருக்கும் ஆண்டியப்பன் நெஞ்சில் குண்டு வாங்கிய மனிதர். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது அவருக்கு முன்வரிசையில் இடம் உண்டு. மன்மதன் வேஷக்காரன் ஆடி முடித்து வியர்வையோடு வந்து அவர் காலைத் தொட்டுவிட்டுப் போவான். நெஞ்சு என்று முதலில் யார் சொன்னது என்று தெரியவில்லை. அவர் மறுக்கவில்லை. பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். பிறகு அது மனுவிலும் ஏறியது. மூன்று மனுவிலும், 'மார்பில் குண்டுக் காயம்' என்று.

அந்த மார்பை யாரும் பார்த்ததில்லை. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் ஆண்கள் எல்லோரும் கோவணத்தோடு நின்று குளிப்பார்கள். ஆண்டியப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டே தண்ணீருக்குக் கீழே நிற்பார். பட்டாளத்துப் பழக்கம் என்று ஆண்கள் மரியாதையாகச் சொன்னார்கள். பெண்கள் அவ்வளவு மரியாதை வைக்கவில்லை. "ஏன்டி அழகம்மா, ஒன் வீட்டுக்காரரு சட்டையத் தொவைக்கிறாரா, ஒடம்பத் தொவைக்கிறாரா?" என்று கொழுந்து எடுக்கும்போது ஒருத்தி கேட்டாள். "ரெண்டு வேலையும் ஒன்னா முடியுது. எனக்கு ஒரு சட்ட மிச்சம்" என்று அழகம்மா சொன்னாள். மலையே சிரித்தது. அவளும் சிரித்தாள். கூடைக் கயிறு நெற்றியில் அழுந்த, அடுத்த நிரைக்கு ஏறினாள்.

குளிர் கூடும் மாதங்களில் அவருக்கு யூகலிப்டஸ் எண்ணெய் தேய்த்துவிடுவது அவள்தான். விளக்கை அணைத்துவிட்டுத்தான் சட்டையைத் தூக்குவார். எண்ணெய்க் கை ஓடும்போது ஓரிடத்தில் அவள் கட்டைவிரல் உள்ளே இறங்கும். கட்டைவிரலின் நுனி சரியாகப் பொருந்துகிற ஒரு குழி. விரல் அதைத் தொட்டதும் அவர் மூச்சை நிறுத்துவார். அவள் அந்த இடத்தைத் தாண்டிப் போவாள். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். அவள் கேட்டதில்லை. அவர் சொன்னதில்லை.

பெஞ்சியில் பக்கத்தில் இருந்தவன் நோர்வூட்டிலிருந்து வந்த வைரவன். காத்திருக்கும் நேரத்தில் எல்லோரிடமும் பேசிவிட்டு இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்திருந்தான். வலது கையில் மூன்று விரல்கள்தான். அந்தக் கையைத்தான் எல்லாவற்றுக்கும் நீட்டினான்.

"காலையில பேரு கூப்புடுற பெரட்டுல புதுக் கண்டாக்கு கேக்குறாரு, மத்த வெரலு எங்கடான்னு. பஸ்ரால வச்சிட்டு வந்துட்டேங்க, லீவு குடுத்தா போயி எடுத்துட்டு வாறேன்னேன்." அவனே சிரித்தான். "நான் கோவேறு கழுத ஓட்டுனேண்ணே. நீங்க எதுல?"

"டோலி."

"அட, அடிபட்டவங்களத் தூக்குற ஆளா?" வைரவன் குரல் இறங்கியது. "ஒங்க பாடுதாண்ணே பெரும்பாடு. போறப்ப வெறுங்கை, ஓடலாம். வாறப்பதான் சொம. ஓடவும் ஏலாது, குனியவும் ஏலாது. நாங்க பள்ளத்துல படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டிருப்போம். எங்க பட்டுச்சு?"

அழகம்மா கணப்பைப் பார்த்தாள்.

"நெஞ்சுல" என்றார் ஆண்டியப்பன்.

"அடேங்கப்பா! நேருக்கு நேரா!" வைரவன் மூன்று விரல்களால் அவர் முழங்காலைத் தட்டினான். பக்கத்து பெஞ்சிக்கும் சொன்னான். "இந்தா, அண்ணன் நெஞ்சுல வாங்கியிருக்காராம்!" நாலைந்து தலைகள் திரும்பின. ஒருவர் எழுந்து வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அழகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க முகத்தில் ஒன்றும் இல்லை. இவரை இழுத்துக்கொண்டு வந்தது போதும், இப்படியே எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரு நாள் பேரும் சம்பளமும் போயிற்று. நேற்று மாலை கணக்கப்பிள்ளை முன்னால் நின்று லீவுக்குக் கெஞ்சியதும் போயிற்று. இந்த மனிதர் இன்னும் நெஞ்சையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஆண்டியப்பன்! வட்டகொடை ஆண்டியப்பன்!"

கதவில் நின்று கூப்பிட்டவர் மரியநாயகம். டாக்டருக்கு மொழிபெயர்க்கும் கிளார்க். தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து மேலே வந்தவர். ஆண்டியப்பன் எழுந்ததைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"நீயா? வாய்யா. இந்த வருசமாவது உள்ள வாறியே."

அழகம்மாவும் எழுந்து வாசல்வரை போனாள். அவளை யாரும் தடுக்கவில்லை. கதவும் சாத்தப்படவில்லை.

டாக்டர் பட்டாளத்துத் தாளையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்த முகம். தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னார். "சட்டையக் கழட்டச் சொல்றாரு" என்றார் மரியநாயகம். ஆண்டியப்பன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு சட்டைப் பொத்தான்களை. இரண்டையும் கழற்றவில்லை, முன்பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் எழுந்து வந்து விளக்கை நகர்த்தி, குனிந்து பார்த்தார். விரலால் இரண்டு இடத்தில் அழுத்தினார். நிமிர்ந்து மரியநாயகத்தைப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட இல்லேங்கிறாரு."

"ஆறிப் போச்சுங்க" என்றார் ஆண்டியப்பன்.

"குண்டு பட்ட எடம் என்ன கொசுக்கடியாய்யா, தடமில்லாம ஆறிப்போக?"

டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். கோபமாகத் தெரியவில்லை. இன்னும் வெளியே பதினைந்து பேர் இருந்தார்கள். மரியநாயகத்துக்குத்தான் தாங்கவில்லை.

"யோவ், இந்தா பாரு. நெஞ்சுன்னு மூனு தரம் எழுதிக் குடுத்திருக்க. நெஞ்சுல ஒன்னுமில்ல. அப்ப பட்டாளத்துத் தாளுதான் சரின்னு இப்ப எழுதப் போறாரு. எழுதிட்டா அதோட முடிஞ்சுது. இனி மனுப் போட ஏலாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

"வெளங்கி?"

ஆண்டியப்பன் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார்.

"ஐயா, எழுத வேணான்னு சொல்லுங்க" என்றாள் அழகம்மா.

டாக்டரும் கிளார்க்கும் வாசலைப் பார்த்தார்கள். அவள் சொல்லிவிடலாம். ஒரே சொல்தான். ஆனால் அவள் சொன்னால் அது பெண்டாட்டி காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். அவர் அறையின் நடுவில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார், சாகும்வரை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஏன்மா, என்னா?"

"அவரு சொல்லுவாரு."

"என்னத்தச் சொல்றது?" ஆண்டியப்பன் அவளைப் பார்க்காமல் சொன்னார். "வா, வீட்டுக்குப் போவோம்."

"எந்த வீட்டுக்கு?"

அவர் அடுத்த பொத்தானைப் போட்டார்.

"மாசக் கடைசியில லயத்துக் கதவுல பூட்டு. நீங்க கப்பலேறிப் போங்க. போயி அங்கயும் சட்டையோட குளிங்க. நான் வரல. எம்புள்ள பதினோராம் நம்பரு மலைக்குக் கீழ கெடக்கான். அவன விட்டுட்டு நான் எங்கயும் வரல." அவள் குரல் உயரவில்லை. பெரட்டில் அன்றைய வேலை எந்த மலையில் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒன்றரை வயதில் போன பையன். அவனைப் பற்றி இருவரும் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன.

ஆண்டியப்பனின் கை பொத்தானில் நின்றது. மழை வலுத்தது. தகரத்தின்மேல் யாரோ ஜல்லியைக் கொட்டுவதுபோல. அவர் உதடு அசைந்தது.

"என்னா முணுமுணுக்கிற? மழையில கேக்கல" என்றார் மரியநாயகம்.

"நாலு பேரு தூக்குனோம்."

"சத்தமாச் சொல்லு!"

"நாலு பேரு தூக்குனோங்க. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. நான் பின்னால."

"சரிய்யா, தூக்குன. டோலிய யாரு கேட்டா? குண்டு எங்க?"

ஆண்டியப்பன் வாசலைப் பார்த்தார். அழகம்மாவுக்குப் பின்னால் பெஞ்சிகள் தெரிந்தன. கணப்பின்மேல் மூன்று விரல்களை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்த வைரவன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தான். கும்பிட்டவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல்ல கட்டுப் பிரிச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க" என்றார் ஆண்டியப்பன். அது யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அழகம்மாவுக்குக் கேட்டது.

அவர் கோட்டைக் கழற்றினார். அது தரையில் ஈரச் சாக்குப்போலத் தொப்பென்று விழுந்தது. சட்டையைத் தலைவழியாக உருவினார். ஒரு கை சிக்கிக்கொண்டது. அழகம்மா உதவிக்கு ஓர் அடி எடுத்துவைத்து, நின்றுவிட்டாள். கையை அவரே விடுவித்துக்கொண்டார். பிறகு டாக்டரின் பக்கமாக முகத்தைத் திருப்பி, வாசலுக்கு, பெஞ்சிகளுக்கு, வைரவனுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். பின்னால் பேச்சுச் சத்தம் அடங்கியது. கூரையில் மழை மட்டும் இருந்தது.

"எங்கய்யா?" என்றார் மரியநாயகம், இப்போது கொஞ்சம் மெதுவாக.

"முதுகுல!" என்றார் ஆண்டியப்பன், காலைப் பெரட்டில் தன் பேருக்குப் பதில் சொல்கிற குரலில். "தூக்கிக்கிட்டு வாறப்ப. முதுகுலதாங்க பட்டுச்சு."